செவ்வாயின் நிறமும் எங்கள் கத்தரிக்கோலும்

"பொழுதுபோக்குக்காரர்கள் கணினியில் நிறம் தீட்டிய படங்களையா பத்திரிகையில் போடுவது?"

ஆசிரியபீடத்தில் என்னோடு பல ஆண்டுகள் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் இவ்வாறு கொதித்தார். செவ்வாய்க் கிரகத்தில் ஊர்ந்து திரியும் ஊர்தி எடுத்த படங்களை ஒட்டி இணைத்து, நிறம் சேர்த்து, அகன்ற நிலக்காட்சியாக ஆக்கியவர் விஞ்ஞானி அல்லர், ஓர் ஆர்வலர் என்பதே அவருடைய கோபத்துக்குக் காரணம். நாசா தந்தால் உண்மை, நாலு பேர் தந்தால் பொய் என்பது அவரது வாதத்தின் சாரம்.

இதனைக் கேட்டுவிட்டுப் பேசாதிருக்க என்னால் முடியவில்லை. இவ்விடயத்தில் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர்கள் அந்த ஆர்வலர்கள் அல்லர். பத்திரிகைக்காரர்களாகிய நாங்களே என்பது எனது துணிபு.

நாசா வெளியிடும் படத்திலும் நிறம் 'ஆக்கப்படுகிறது' என்பதை நண்பர் மறந்துவிட்டார். 1976இல் வைக்கிங் 1 கலம் செவ்வாயில் இறங்கி அனுப்பிய முதலாவது வர்ணப் படத்தில் வானம் நீலமாகத் தோன்றியது. நிறங்களைச் சரிவர அளவுதிருத்திய பின்னரே அது இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட வானம் என்பது தெரியவந்தது. முதற்படத்தை வெளியிட்டது எந்தப் பொழுதுபோக்குக்காரரும் அல்லர்; நாசாவேதான்!

2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஒப்பர்ச்சுனிட்டி ஆகிய இரு ஊர்திகளின் பனோரமாக் கமராக்கள் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்களே. கமராவின் முன்னால் வெவ்வேறு நிறவடிகட்டிகள் பொருத்திய சக்கரமொன்று சுழலும். ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் ஊடாகத் தனித்தனியே எடுத்து, பின்னர் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் நிறம் பிறக்கும். அந்தப் பச்சைப் படங்கள் பூமிக்கு வந்து சேர்ந்த கையோடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. உலகின் பல மூலைகளிலும் இருந்த ஆசிரியர்களும் மாணவர்களும் கணினி வல்லுநர்களும் இரவிரவாக விழித்திருந்து அவற்றை இணைத்தார்கள். யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

அந்த மாதத்திலேயே ஒரு வதந்தியும் கிளம்பியது. நிறங்களைச் சரிபார்ப்பதற்காக ஊர்தியின் மேல் சூரியக் கடிகாரம் போன்ற ஒரு தட்டு பொருத்தப்பட்டிருந்தது. அதன் மூலையிலிருந்த நீலத்துண்டு சில படங்களில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. "நாசா செவ்வாயின் உண்மை நிறத்தை மறைக்கிறது!" என்று கூச்சல் எழுந்தது. காரணமோ எளியது. சிவப்புக்குப் பதிலாக அகச்சிவப்புக்கு அண்மித்த வடிகட்டியால் எடுத்த படம் அங்கு பயன்படுத்தப்பட்டிருந்தது. அந்த நீலச்சாயம் அகச்சிவப்பொளியைப் பலமாகத் தெறிக்கச் செய்வது. நாசாவின் விளக்கத்தை நம்பாதவர்கள்கூட அந்த வடிகட்டிப் படங்களை எடுத்துத் தாமே சோதிக்க முடிந்தது. மூலம் திறந்திருந்ததால் வதந்தியை வெல்ல வழி இருந்தது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். அக்காலத்தில் அவ்வாறான ஆர்வலர் ஒருவரின் படத்தை எங்கள் பத்திரிகையின் பக்கமொன்றில் நான் சேர்த்தேன். படத்தின் கீழ் இரண்டு குறிப்புகள் இருந்தன. ஒன்று, ஆக்கியவரின் பெயர். மற்றது, நிறம் அண்ணளவானது என்ற எச்சரிக்கை. இடம் போதவில்லை என்று இரண்டையும் வெட்டிவிட்டு, 'படம்: நாசா' என்று போட்டேன். சில நாட்களின் பின் ஒரு மாணவனின் கடிதம் வந்தது. "செவ்வாயில் நின்று பார்த்தால் இப்படியேதான் தெரியுமா?" என்று கேட்டிருந்தான். "ஆம்" என்று பதில் எழுதினேன். அந்த ஆர்வலர் உண்மை சொன்னார். நான்தான் அதனைப் பொய்யாக்கினேன்.

தணிக்கையாளரின் கையால் செய்திகள் வெட்டுண்ட காலத்தில் இந்நாட்டில் பத்திரிகைத் தொழில் செய்தவன் நான். மூலத்தைப் பூட்டிவைப்பவனிடமே உண்மையின் சாவி போய்விடும் என்பதை எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நானே கத்தரிக்கோலை எடுத்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

பூட்டிவைப்போருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 2014இல் ஐரோப்பாவின் ரொசெற்றா கலம் வால்வெள்ளி ஒன்றை அடைந்தபோது, அதன் பிரதான கமராக் குழு தன் படங்களிற் பெரும்பாலானவற்றை உடனே வெளியிடவில்லை. பல்லாண்டு உழைத்தவர்களின் ஆய்வுப் பலனைப் பிறர் முந்திக்கொண்டு பறித்துவிடக் கூடாது என்பது அவர்கள் தரப்பு. உழைத்தவனின் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் செவ்வாய் ஊர்திகளின் அனுபவம் என்ன? படங்கள் உடனுக்குடன் உலகுக்குத் திறக்கப்பட்ட அதே 2004ஆம் ஆண்டிலேயே, அந்த விஞ்ஞானிகளின் ஆய்வுக் கட்டுரைகள் 'சயன்ஸ்' சஞ்சிகையின் சிறப்பிதழ்களாக வெளிவந்தன. யாருடைய பலனும் பறிபோகவில்லை.

திறந்துவிட்டதால் கிடைத்த பலனுக்குத் தமிழர் ஒருவரே சாட்சி. 2019 செப்டெம்பரில் இந்தியாவின் விக்ரம் தரையிறங்கி நிலவில் மோதிச் சிதைந்தது. நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் எடுத்த படம் பொதுவில் வைக்கப்பட்டது. சென்னைப் பொறியியலாளர் சண்முக சுப்பிரமணியன் பழைய படத்தையும் புதிய படத்தையும் தமது கணினியில் அருகருகே வைத்து நுணுகிப் பார்த்து, ஒரேயொரு வெண்புள்ளியை இனங்கண்டார். அது விக்ரமின் சிதைவே என டிசெம்பரில் நாசா உறுதிப்படுத்தி, அவரது பெயரையும் சேர்த்து அறிவித்தது. "நீ யார்?" என்று நாசா கேட்கவில்லை. அவர் காட்டிய இடத்தைப் பார்த்தது. அவ்வளவுதான்.

பாறை நிழலில் மனித உருவையும் எலும்பையும் 'கண்டுபிடிப்போர்' அதே படங்களிலிருந்துதான் வருகிறார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றைத் தலைப்பிட்டு விற்றவர்கள் யார்? எங்கள் பத்திரிகைகள் அல்லவா? அடுத்த கோணத்தில் எடுத்த படத்தைக் காட்டி அது வெறும் கல்லே என்று பொறுமையோடு விளக்கியவர்கள், நண்பர் இகழும் அதே ஆர்வலர்கள்.

ஆதலால் நண்பரே, அந்தப் படத்தைப் போடுங்கள். ஆக்கியவரின் பெயரைப் போடுங்கள். எந்த வடிகட்டிகள், எங்கே இணைப்பு, எந்த நிறம் அண்ணளவு என்று அவர் எழுதிய அந்த இரண்டு வரிகளையும் போடுங்கள். இடம் போதாவிட்டால் படத்தைச் சிறிதாக்குங்கள். அந்த வரிகளை வெட்டாதீர்கள்.

கடிதம் எழுதிய அந்த மாணவன் இன்று எந்த நாட்டில் இருக்கிறானோ நான் அறியேன். இதனை அவன் வாசிக்க நேர்ந்தால், அன்று நான் எழுதிய பதில் தவறானது என்பதை இப்போதாவது ஏற்றுக்கொள்கிறேன்.