கடனும் உடன் வருமோ?



அவிநாசி வட்டாரத்து இல்லங்களில் இந்நாட்களில் அடிக்கடி எழும் பேச்சொன்று உண்டு. "குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டால் கடனெல்லாம் தீர்ந்துவிடும்" என்பதே அது. இப்பேச்சு சோம்பலிலோ பேராசையிலோ பிறப்பதன்று. பனியன் தொழிலை நம்பியோரின் கை எத்துணை விரைவில் வெறுங்கையாகிவிடும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். நொய்யல் ஆற்றின் மாசு காரணமாகச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் அடைபட்டன. ஆற்றைக் கெடுத்தது பெருந்தவறே. ஆயினும் அதன் தண்டனையை முதலில் ஏற்றவர் சாயத்தொட்டியருகே நின்ற கூலியாள் அன்றோ? பின்னர் 2022இல் நூல் விலை ஏறிற்று. 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா நம் பொருள்கள்மீது 50 விழுக்காடு சுங்கவரி வசூலிக்கத் தொடங்கியபோது ஆர்டர்கள் பல நின்றன. இத்தகைய வேளைகளில் சனிக்கிழமைச் சம்பளம் சுருங்கிவிடும். வட்டி மட்டும் சுருங்காமல் வாசலில் வந்து நிற்கும்.

ஆகவே, போகவேண்டா என்று எவரையும் தடுக்க நாம் துணியோம். ஆனால் ஒன்று கேட்போம்: போவது குடும்பமா, குடும்பத்தலைவர் மட்டுமா?

வளைகுடா நாடுகளில் வேலைக்குச் செல்பவர் எவரும் தம் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள இயலும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ஐக்கிய அரபு அமீரகத்தில், மாத ஊதியம் 4,000 திர்ஹமாவது, அல்லது 3,000 திர்ஹமும் குடியிருப்புமாவது இருந்தால்தான் குடும்பத்தைத் தம் பொறுப்பில் வரவழைக்கலாம் என்பது விதி. சாதாரணத் தையற்காரர் பெரும்பாலோர்க்கு அவ்வளவு கிட்டுவதில்லை. முற்காலத்தில் திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர் குடும்பம் குடும்பமாகவே அழைத்துச் செல்லப்பட்டனர். அஃது இரக்கத்தினால் அன்று. கொழுந்து பறிக்கப் பெண்களின் விரல்கள் தேவைப்பட்டன. இன்று அயல்நாட்டு முதலாளிக்குத் தேவை ஓர் ஆளின் உழைப்பு மட்டுமே. எனவே அந்த ஆள் விமானம் ஏறுகிறார். குடும்பமும் கடனும் இங்கேயே இருக்கின்றன.

கடனைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கணக்கில் ஏறும். பயணச் செலவும் ஏறும். அவர் வேறு தோட்டத்திற்குப் போக விரும்பினால், அக்கடனைப் புதிய தோட்டத்தார் தீர்க்கவேண்டும். தொகையை எழுதிய அந்தக் காகிதத்துண்டே மனிதனின் விலைச்சீட்டாயிற்று. 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. காகிதம் ஒழிந்தது, ஆனால் போவதற்கே கடன்படும் வழக்கம் ஒழிந்ததா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாட்லாக் எந்திரத்தில் தைக்கும் ஒருவர், மனைவியோ செக்கிங் வேலை பார்ப்பவர். தரகர் ஒன்றரை இலட்சம் கேட்கிறார். மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500 ரூபாய் வட்டி; இரண்டாண்டு ஒப்பந்தம் முடியும்போது வட்டி மட்டுமே 1,08,000 ஆகியிருக்கும்! முதல் அப்படியே நிற்கும். பழைய கடனைத் தீர்க்கப் போனவர் புதிய கடனுக்காக அங்கே உழைத்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு கொடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன்மீதான வரியுமே பெறலாம். நம் தொழிலே நடக்கும் ஜோர்தான் நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளிலோ, ஆளெடுப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் பெறலாகாது என்ற கொள்கை 2019 முதல் இருக்கிறது. அங்கே இந்தியரும் வங்காளதேசத்தாரும் இலங்கையரும் தைக்கின்றனர். அவ்வேலைக்கே பணம் கேட்கும் தரகரிடம், "எதற்கு?" என்று வினவும் உரிமை உங்களுக்கு உண்டு. சென்னையில் 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் நம்மவர் ஏனோ நினைப்பதேயில்லை.

மற்றொன்று. பத்தாம் வகுப்பு தேறியவரின் கடவுச்சீட்டுக்குக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டியதில்லை. இதைச் சலுகை என்று மகிழ்கின்றனர். அதன் மறுபக்கமோ, அவருடைய ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை என்பதாகும். அனுமதி பெற்றுச் செல்வோர்க்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டில், இரண்டாண்டுக்கு 275 ரூபாய் செலுத்தினால் விபத்து மரணத்திற்குப் பத்து இலட்சம் கிடைக்கும். படித்தவர் இதையும் விட்டுவிடுகிறார். சுற்றுலா விசாவில் வரச்சொல்லும் பேச்சைக் கேட்கவே வேண்டா. கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குச் சென்ற தமிழ் இளைஞர் 2022இல் மியான்மாரின் மியாவாடியில் அடைபட்டுக் கிடந்தனர்.

போகத் துணிந்தபின், ஒப்பந்தப் படியும் கடவுச்சீட்டின் படியும் மனைவியின் கையில் இருக்கட்டும். யார் யாருக்கு எவ்வளவு கடன், எந்த வட்டிக்கு என்பதை இருவரும் சேர்ந்து ஒரே நோட்டில் எழுதிவைக்கட்டும். கணவர் சொல்லாமல் வாங்கிய கடன், அவர் விமானம் ஏறிய மறுவாரமே மனைவியிடம் வந்து கேட்கப்படுவதைப் பங்குத்தந்தையர் பலமுறை பார்த்திருக்கிறோம்.