பொத்தானுக்குப் பின்னால் நாலு ஒயர்

சரஸ்வதி பூஜை வந்துவிட்டால் நம் வீட்டுத் தூசிக்குப் போதாத காலம். தையல் மெஷின், அரிவாள்மனை, சைக்கிள், புத்தக அலமாரி என்று ஒன்று பாக்கியில்லாமல் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு நாள் பூராவும் ஓய்வு கொடுக்கிறோம். இப்போதெல்லாம் அந்த வரிசையில் கம்ப்யூட்டரும் வந்து உட்கார்ந்து கொண்டிருக்கிறது. உட்காரட்டும், அதுவும் பிழைப்புக்கு உதவுகிற ஆயுதம்தானே! ஆனால், அரிவாள்மனையைத் துடைக்கிற மாதிரி அதைத் துடைக்கப் போனால் சில சமயம் வம்பு வந்து சேருகிறது.

அம்பகரத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அது எங்கே இருக்கிறது என்று கேட்கும் பட்டணத்து நேயர்களுக்காகச் சொல்கிறேன்: காரைக்கால் பகுதியில், திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த ஊர். பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் பேர் போனது. சனீஸ்வரனைத் தரிசிக்கத் திருநள்ளாற்றுக்குப் போகிறவர்கள் இன்னும் சற்று தூரம் போனால் அம்மனையும் சேவித்துவிட்டு வரலாம்.

இந்தச் சகோதரி வீட்டிலிருந்தபடியே டைப் செய்து கொடுக்கிறவர். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், மனுக்கள் என்று அக்கம்பக்கத்து வேலையெல்லாம் அவரிடம்தான் வருமாம். மகளின் காலேஜ் பஸ் செலவு அந்த வரும்படியில்தான் நடக்கிறது. பூஜைக்கு முதல் நாள் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, பிரஷால் தூசி தட்டியிருக்கிறார். மெல்லிய ஒயர்கள் சில கையோடு கழன்று வந்துவிட்டன. விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்கினால் சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஒரு ரிப்பேர்க் கடையில் போனில் விசாரித்ததற்கு, மதர்போர்டு போயிருக்கும் என்று பதில் வந்ததாம். பெட்டியையே மாற்றிவிடலாம் என்கிறாராம் வீட்டுக்காரர்.

அவசரப்பட வேண்டாம், சகோதரி! நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் கம்ப்யூட்டருக்கு உயிர் போனதாகத் தோன்றவில்லை. அதன் காதுதான் அடைத்திருக்கிறது. நீங்கள் கூப்பிடுவது அதற்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். எப்படி என்று சொல்கிறேன். இதே சங்கடம் எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் வரக்கூடியது என்பதால் மற்ற நேயர்களும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியின் முகப்பில் இருக்கும் பொத்தானை நாம் ஃபேன் ஸ்விட்சைப் போல நினைத்துக் கொண்டிருக்கிறோம். அப்படியல்ல, அது வாசலில் இருக்கும் காலிங் பெல் மாதிரி. பழைய மாடல் பெட்டிகள் பலவற்றில், சுவரிலிருந்து வரும் மின்சாரமே முகப்பு ஸ்விட்ச் வரைக்கும் வந்து போய்க் கொண்டிருந்தது. 1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்ற புது அமைப்பைக் கொண்டு வந்தது. அதிலிருந்து முகப்புப் பொத்தானுக்கும் சுவர் மின்சாரத்துக்கும் நேர் சம்பந்தம் அறுந்தது.

இப்போது நடப்பது இதுதான். சுவரில் ஸ்விட்சைப் போட்டதுமே, எஸ்.எம்.பி.எஸ். என்று கடைக்காரர்கள் சொல்லும் மின்சாரப் பெட்டி அரைத் தூக்கத்தில் விழித்துக்கொண்டு, மதர்போர்டுக்கு 5 வோல்ட் மட்டும் கொடுத்துக் கொண்டிருக்கும். நீங்கள் பொத்தானை அமுக்கும்போது அதன் பின்னாலிருக்கும் இரண்டு ஒயர்கள் ஒரு கணம் ஒன்றோடொன்று சேருகின்றன. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மதர்போர்டு தெரிந்துகொண்டு, மின்சாரப் பெட்டியை முழுசாக எழுப்பிவிடுகிறது. அந்த இரண்டு ஒயர் கழன்றுவிட்டால், நாள் முழுக்கப் பெல்லை அமுக்கினாலும் உள்ளே இருப்பவருக்கு எப்படிக் கேட்கும்?

முகப்பிலிருந்து இப்படிப் போகும் சின்ன ஒயர்கள் சாதாரணமாக நாலு ஜோடி. ஒன்று, கம்ப்யூட்டரை எழுப்பும் பவர் ஸ்விட்ச். இரண்டு, நடுவில் அது மிரண்டு நின்றுவிட்டால் மறுபடி ஆரம்பிக்கச் செய்யும் ரீசெட் ஸ்விட்ச். மூன்று, கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது என்று காட்டும் பவர் விளக்கு. நாலு, ஹார்டு டிஸ்க் வேலை செய்யும்போது மினுக்கும் விளக்கு. இவற்றில் அத்தியாவசியமானது முதலாவது மட்டும்தான். மற்ற மூன்றும் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் ஓடும்.

ஸ்விட்சுகளுக்கு நேர், எதிர் என்ற பேதம் கிடையாது. எந்தப் பக்கமாகச் செருகினாலும் வேலை செய்யும். விளக்குகள் அப்படியல்ல. அவை எல்.இ.டி. ஜாதி. அதில் மின்சாரம் ஒரு திசையில்தான் போகும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹோலோன்யாக் செய்து காட்டியது 1962-ல். பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து 1954-லேயே விடுபட்ட காரைக்கால், சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே 1962-ல்தான். இந்த விளக்கு ஒயரைத் தலைகீழாகச் செருகிவிட்டால் பதற வேண்டாம். விளக்கு எரியாது, வேறு கெடுதல் இல்லை. கழற்றித் திருப்பிச் செருகினால் எரியும்.

இத்தனை நாளாகியும் இதை ஒரே பிளக்காகச் செய்யாமல் ஏன் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெட்டியைச் செய்கிறவர் வேறு, மதர்போர்டு செய்கிறவர் வேறு. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் போல, இரண்டு பேருக்கும் அவரவர் வழக்கம். இன்டெல் கம்பெனி ஒரு மாதிரி அமைப்பை வகுத்துக் கொடுத்தது. இப்போது பெரும்பாலான போர்டுகள் அதைத்தான் அனுசரிக்கின்றன. ஆனால் எல்லாரும் அல்ல. ஆகையால், எந்தப் பெட்டியும் எந்தப் போர்டோடும் சம்பந்தம் செய்துகொள்ளட்டும் என்று ஒயர்களைப் பிரித்தே விட்டுவிட்டார்கள். அந்தச் சௌகரியத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்தக் குழப்பம்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் சுவர் ஸ்விட்சை நிறுத்தி, பிளக்கையும் உருவிவிடுங்கள். பொத்தானில் 5 வோல்ட்தான் என்று சொன்னேனே தவிர, மின்சாரப் பெட்டிக்குள் இருப்பது வீட்டு மின்சாரம். பிளக்கை உருவிய பிறகும் அதற்குள் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். அந்தப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. சில நிமிஷம் பொறுத்து, கை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு, பெட்டியின் வெறும் இரும்புத் தகட்டை ஒரு தரம் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதோடு போய்விடும்.

நல்ல வெளிச்சத்தில் மதர்போர்டின் ஓரங்களைப் பாருங்கள். பெரும்பாலும் கீழ் ஓரத்து மூலையில், ஊசி ஊசியாக இரண்டு வரிசை நிற்கும். பக்கத்தில் 'எஃப்.பேனல்' என்றோ, 'பேனல்' என்றோ, சில போர்டுகளில் 'ஜே.எஃப்.பி.1' என்றோ பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். கழன்ற ஒயர்களின் நுனியிலும் எது எது என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். எழுத்து சின்னதாக இருந்தால் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணுக்குச் சிரமமில்லை.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊசிக் கணக்கு விளையாட்டு. ஐந்து புள்ளி, இரண்டு வரிசை. அதில் ஒரு வரிசையின் கடைசிப் புள்ளி மட்டும் இருக்காது. இரண்டு ஊசிக்கு நடுவே 2.54 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. புள்ளி குறைகிற வரிசையை முதலில் கண்டுபிடியுங்கள். 'பவர்' என்ற பேர் கொண்ட இரண்டும் இந்த வரிசையில்தான். குறையில்லாத முனையிலிருந்து எண்ணினால், முதல் இரண்டு ஊசி பவர் விளக்குக்கு. முதலாவது நேர், அடுத்தது எதிர். மூன்றாவதும் நாலாவதும் பவர் ஸ்விட்சுக்கு. அப்புறம் வெற்றிடம்.

மற்ற வரிசையில், அதே முனையிலிருந்து முதல் இரண்டு ஊசி ஹார்டு டிஸ்க் விளக்குக்கு. இங்கேயும் முதலாவது நேர். அடுத்த இரண்டு ரீசெட் ஸ்விட்சுக்கு. ஐந்தாவது ஊசி யாருக்கும் இல்லை, சும்மா விட்டுவிடுங்கள். விளக்கு ஒயர்களில் வெள்ளையோ கறுப்போ சாதாரணமாக எதிர். மற்ற வர்ணம் நேர். இது பெரும்பான்மையான போர்டுகளின் அமைப்பு. உங்கள் போர்டில் அச்சடித்திருப்பது வேறு மாதிரி இருந்தால், அச்சடித்திருப்பதுதான் வேதவாக்கு. போர்டோடு வந்த சின்னப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். புத்தகம் தொலைந்திருந்தால், போர்டின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் மாடல் எண்ணைக் கொண்டு, செய்த கம்பெனியின் இணையதளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

சில பெட்டிகளில் பவர் விளக்கின் பிளக் மூன்று துளையோடு வரும், நடுத்துளை காலி. அது இரண்டு ஊசியில் ஏறவே ஏறாது. அமுக்கிப் பார்த்து ஊசியை வளைத்துவிடாதீர்கள். விளக்கு எரியாமல் போனால் போகிறது என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். அதே ஓரத்தில், இதே மாதிரி ஒன்பது ஊசிக் கூட்டம் இன்னும் ஒன்றிரண்டு நிற்கும். ஒன்று முகப்பில் இருக்கும் யு.எஸ்.பி. துளைகளுக்கு, மற்றது காதில் மாட்டும் ஹெட்ஃபோனுக்கு. யு.எஸ்.பி. ஊசிகளில் 5 வோல்ட் எப்போதும் தயாராக நிற்கக்கூடும். அங்கே ஸ்விட்ச் ஒயரைச் செருகிப் பொத்தானை அமுக்கினால் போர்டுக்கு உண்மையாகவே கெடுதல் வரலாம். யு.எஸ்.பி.யில் குறைகிற புள்ளியும் ஒரு மூலையில்தான். ஹெட்ஃபோனுக்கு உள்ளதில் மூலைக்கு ஒன்று முந்தியது. இவற்றுக்கான பிளக்குகள் அகலமாக, குறைகிற புள்ளிக்கு நேரே துளை அடைத்து வரும். ஆகையால் இடம் மாறிச் செருகப் போனால் சாதாரணமாக ஏறாது. ஏறவில்லையென்றால் பலம் வேண்டாம். இடம் தவறு என்று அர்த்தம்.

எல்லாம் செருகியாயிற்று. பிளக்கைப் போட்டு, மின்சாரப் பெட்டியின் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தால் அதுவும் போட்டிருக்கிறதா என்று பார்த்து, பொத்தானை அமுக்குங்கள். ஃபேன் சுற்றிப் படமும் வந்தால் சந்தோஷம். அமுக்கிய கையை உடனே எடுத்துவிடுங்கள். நாலு விநாடி போல அமுக்கியபடியே இருந்தால், நிறுத்தச் சொல்வதாக எண்ணிக் கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

அப்போதும் அசையவில்லையா? செலவில்லாத பரீட்சை ஒன்று இருக்கிறது. மறுபடியும் பிளக்கை உருவிவிட்டு, ரீசெட் ஸ்விட்சின் ஒயரைக் கழற்றி, பவர் ஸ்விட்சின் இரண்டு ஊசியில் மாட்டுங்கள். பிறகு பிளக்கைப் போட்டு ரீசெட் பொத்தானை அமுக்குங்கள். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டால், மதர்போர்டு கல்லுக்குண்டாக இருக்கிறது. கெட்டது முகப்புப் பொத்தான்தான். கடலோரத்து ஈரக் காற்றிலும் வருஷக்கணக்கான தூசியிலும் அந்தச் சின்னப் பொத்தான் துருப்பிடிப்பது அதிசயமில்லை. அப்படியானால் ரீசெட் பொத்தானையே பவர் பொத்தானாக வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். இல்லையென்றால் புதுப் பொத்தான் ஒயரோடு தனியாகவே கிடைக்கிறது; மதர்போர்டு விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே அல்ல.

இந்தப் பரீட்சையிலும் எழவில்லையென்றால், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போர்டுக்கு வரும் அகலமான பெரிய பிளக் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அதுவும் சரியாக இருந்தால் கடைக்கு எடுத்துப் போக வேண்டியதுதான். ஃபேன் சுற்றுகிறது, படம் மட்டும் வரவில்லை என்றாலும் அப்படியே. பெல் கேட்டுவிட்டது, கோளாறு உள்ளே வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். எதைப் பார்த்தோம், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியரிடம் குழந்தையை அழைத்துப் போகும்போது ஜுரம் எப்போது வந்தது என்று சொல்கிறோமே, அது போலத்தான். விவரம் சொல்கிற வாடிக்கைக்காரருக்குக் கடையில் தனி மரியாதை உண்டு.

இனிமேல் தகட்டைக் கழற்றுமுன் உள்ளே இருப்பதைச் செல்போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசிகளின் படத்தைத் தாளில் வரைந்து தகட்டின் உட்புறம் ஒட்டிவிட்டால் இன்னும் விசேஷம். அடுத்த தரம் உங்கள் மகளே பார்த்துச் செருகிவிடுவாள்.

இதில் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. வேண்டியது நல்ல வெளிச்சம், கொஞ்சம் பொறுமை, புள்ளி எண்ணத் தெரிந்த கண். ஊசியில் நூல் கோக்கிற கைக்கு இந்த ஒயர் ஒரு பொருட்டல்ல. கழன்று போனது வேறு, கெட்டுப் போனது வேறு. யாராவது பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால், பர்ஸைத் திறக்குமுன் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எப்படித் தெரிந்தது?"