காருக்கு இடம் இருக்கு, குழந்தைக்கு?

கத்திரி வெயில் ஆரம்பிச்சாச்சு. கூடவே "குழந்தையை வீட்டுக்குள்ள எப்படி சமாளிக்கறது"ன்னு ஆளாளுக்கு அட்வைஸ். டப்புல தண்ணி ஊத்திக் குடுங்க, சப்பாத்தி மாவு குடுங்க, அட்டைப்பெட்டில வீடு கட்டுங்க...

எல்லாம் பண்ணியாச்சு சாமி. நம்மாளுக்கு ரெண்டேகால் வயசு. மாவு அஞ்சு நிமிஷம், அதுலயும் பாதி வாய்க்குள்ள. அட்டைப்பெட்டி பத்து நிமிஷம். தண்ணிதான் அரைமணி தாங்கும். ஆனா கண்ணை எடுக்காம பக்கத்துலயே உக்காந்திருக்கணும், ஒரு சாண் தண்ணி போதும் விபரீதத்துக்கு. அப்புறம் சோபால ஏறி குதி, பால்கனி கம்பில தொங்கு. தங்கமணியும் நானும் ஆபீஸ் கிளம்பிட்டா எங்கம்மாதான் பார்த்துக்கணும். பதினோரு மணிக்கே அவங்களுக்கு நாக்கு தள்ளிடுது. கடைசில செல்போன். உடனே "இந்தக் காலத்துப் பெத்தவங்க..."ன்னு ஒரு கோஷ்டி கிளம்பிடும்.

எனக்கு கடுப்பாகறது இங்கதான். இந்த வயசுக் குழந்தை ஒரு நாளைக்கு 180 நிமிஷமாவது ஓடியாடணும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிடுச்சு. சரி, ஒத்துக்கறேன். எங்க ஓடறது? 850 சதுரடி ஃப்ளாட்டுல கட்டிலும் சோபாவும் போக மிச்சம் இருக்கறதுல அவன் நாலு எட்டு வச்சா சுவர். பார்க்குக்கு போங்கறீங்களா? மதியம் அந்த சறுக்குமரத்துல தோசை வார்க்கலாம்.

தோட்டம் இல்லாததுதான் பிரச்சினைன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. நான் வளர்ந்தது திருச்சில ஒரு லைன் வீட்டுல. தோட்டமாவது மண்ணாங்கட்டியாவது! ஆனா ஆறு குடித்தனத்துக்கும் பொதுவா நீட்டமா ஒரு முற்றம், பாதி நாள் நிழல். எந்தம்மாவாவது ஒரு கண்ணு வச்சிருப்பாங்க. அவ்வளவுதான் வேணும்.

அந்த நிழலும் தரையும் எங்க அபார்ட்மெண்ட்லயும் இருக்கு. கீழ பார்க்கிங்! மேல கட்டிடம், நாலு பக்கமும் காத்து, மத்தியானம் கடல் காத்து வந்தா மொத்த பில்டிங்லயும் ஜில்லுனு இருக்கற ஒரே இடம் அதுதான். அங்க "குழந்தைகள் விளையாடக் கூடாது"ன்னு போர்டு. மொட்டை மாடிக்குப் பூட்டு.

சட்டமும் நமக்கு உதவாது. தமிழ்நாட்டு 2019 கட்டிட விதிப்படி, மனை 3,000 சதுர மீட்டருக்கு மேல இருந்தாதான் 10 சதவீதம் திறந்தவெளி விடணும். 10,000 வரைக்கும் இடத்துக்குப் பதிலா பணம் கட்டிட்டும் போகலாம். எங்களுது மூணு கிரவுண்டு, சுமார் 670 சதுர மீட்டர். ஆக, குழந்தைக்கு பூஜ்யம். அதே விதில ஒரு காருக்கு 2.5-க்கு 5 மீட்டர், பன்னிரண்டரை சதுர மீட்டர்! அதுவும் எப்போ? எட்டு காருல ஆறு காலைல ஒம்பது மணிக்கு வெளிய போனா சாயங்காலம்தான் வருது. பகல் பூரா காலி இடத்துக்குக் காவல் காக்கறோம்.

செக்ரெட்டரி சார்கிட்ட போய்க் கேட்டேன்.

"தம்பி, எவனாவது ரிவர்ஸ் எடுக்கறப்ப குழந்தை பின்னாடி நின்னா? யார் பொறுப்பு?"

நியாயமான கேள்வி. ரெண்டடி உசரம் சொச்சம் இருக்கற பொடிசு கண்ணாடில தெரியாது. அதனாலதான், சுவரோரம் இருக்கற என் இடத்தையும் பக்கத்து வீட்டுக்காரர் இடத்தையும் (அவர் சரின்னுட்டார்) பத்துலேர்ந்து நாலு வரைக்கும் சங்கிலி போட்டு அடைச்சுக்கறோம், பெரியவங்க ஒருத்தர் கூடவே இருப்பாங்கன்னேன்.

"அதெல்லாம் சரிப்பா. ஆனா அது பார்க்கிங்னுதானே போட்டிருக்கு? நீயே கையெழுத்து போட்டிருக்கியே."

போட்டேன்தான். மூணு வருஷம் முன்னாடி கல்யாணமான புதுசு, புதுக் கார். எவனோ பந்தடிச்சு பானெட்ல கோடு விழுந்துடுச்சுன்னு மீட்டிங்ல அதிகமா சத்தம் போட்டதே அடியேன்தான். ரெண்டாவது மாடி அக்கா அன்னிக்கு "பசங்க வேற எங்க சார் போவாங்க?"ன்னு கேட்டாங்க. "உள்ள வச்சு வளருங்க"ன்னு சொன்ன மகராசன் யாருன்னு நினைக்கறீங்க?

போன வாரம் அந்தக்காகிட்ட போய் மன்னிப்பு கேட்டேன். சிரிச்சுட்டு, தன் பசங்களோட பழைய மூணு சக்கர சைக்கிளை எடுத்துக் குடுத்தாங்க. அது இப்போ எங்க வீட்டு பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல நிக்குது. வர ஞாயித்துக்கிழமை மீட்டிங். போர்டை எடுக்கணும்னு எழுதிக் குடுத்திருக்கேன், எட்டு வீட்டுல மூணு கையெழுத்து ஆச்சு. இன்னும் ரெண்டு வேணும்.