சபையில் சேர நிபந்தனை என்ன?

திருமலைராயன்பட்டினத்தில் சிறுபிள்ளைகூட ஒரு கதை சொல்லும். காளமேகப் புலவர் திருமலைராயன் சபைக்கு வந்தாராம். அங்கிருந்த புலவர்கள் அவருக்கு உட்கார இடம் கொடுக்கவில்லையாம். கலைமகள் அருளால் சிம்மாசனமே நீண்டு அவருக்கு இடம் விட்டதாம். கடைசியில் அவர் மனம் நொந்து, ஊர் மண்மாரியால் அழியும்படி சாபமிட்டாராம். சிம்மாசனம் நீண்டதும், சாபத்தால் மண்மாரி பெய்ததும் புளுகு என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், சபைக்கு வந்தவனுக்கு உட்கார இடமில்லை என்கிற பாகம் மாத்திரம் புளுகல்ல. அது நம் நாட்டில் இராஜ சபையிலும் நடந்தது; கிறிஸ்து சபையிலும் நடந்தது.

"பாரம்பரிய ஆங்கிலிக்கன்" என்று பெயர் வைத்துக்கொண்ட சபைகளின் கூட்டு ஒன்று 1990-இல் ஏற்பட்டது. இந்தியாவிலும் அதற்குக் கிளையுண்டு. அதில் சேரும் பாதிரியும் சபையாரும் பழைய விசுவாசப் பிரமாணங்களை ஏற்க வேண்டும். பழைய ஜெபப் புத்தக முறையை விடக்கூடாது. பிஷப்பு, குரு, உதவிக்குரு என்கிற மூன்று பட்டமும் ஆணுக்கேயன்றிப் பெண்ணுக்குக் கிடையாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1977-இல் அமெரிக்காவில் செயிண்ட் லூயி நகரத்தில் கூடிச் செய்த அறிக்கைதான் இதற்கெல்லாம் ஆதாரம்.

இந்த நிபந்தனைகளை மேலிருந்து கீழாகவும், கீழிருந்து மேலாகவும் படித்துப் பாருங்கள். வருகிறவன் பக்கத்திலிருப்பவனோடு சமமாய் உட்காருவானா, ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் பருகுவானா, ஒரே இடுகாட்டில் புதைக்கச் சம்மதிப்பானா என்கிற கேள்வி மாத்திரம் அவற்றில் இல்லை. சீமையில் உண்டான நிபந்தனைகளில் ஜாதி எப்படி வரும் என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். ஜாதி இல்லாத ஊரில் எழுதியதை, ஜாதியே உயிராயிருக்கும் ஊரில் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டால் அது யாருக்கு லாபம்?

இந்தச் சங்கதிக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில் வடக்கே காரைக்காலைத் தாண்டினால் தரங்கம்பாடி. 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர். அங்கே லுத்தரன் பாதிரிமார் 1733-இல் முதன்முதலாய் ஒரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அவர் பெயர் ஆரோன், ஜாதியில் வேளாளர். அதே மிஷனில் இராஜநாயக்கன் என்னும் தாழ்த்தப்பட்ட வகுப்புத் தோழர் வெகு காலம் உபதேசியாராய் ஊழியம் செய்தார். அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. படிப்பு குறைவா? பக்தி குறைவா? இல்லை. அவர் கையால் கொடுத்தால் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் இராப்போஜனம் வாங்கமாட்டார்கள் என்கிற பயமே காரணம்.

பின்பு தஞ்சாவூர், திருச்சி, வேப்பேரி சபைகள் ஆங்கிலிக்கன் வசமாயின. 1833-இல் கல்கத்தா பிஷப்பு டானியல் வில்சன், சபைக்குள் ஜாதி வித்தியாசம் அடியோடு, உடனே, முடிவாக ஒழிய வேண்டும் என்று உத்தரவு எழுதினார். நமக்குத் தெரிந்த மட்டில் இந்நாட்டில் ஆங்கிலிக்கன் சபை போட்ட நிபந்தனைகளில் யோக்கியமானது இது ஒன்றுதான். பலன் என்ன? வேப்பேரியிலும் தஞ்சையிலும் மேல்ஜாதிக்காரர் கூட்டங்கூட்டமாய் வெளியேறினார்கள். 1840-களில் தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக் மிஷன், ஜாதியை ஊர் வழக்கமென்று பொறுத்துக்கொண்டது. வெளியேறியவர்களில் அநேகர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஏசுவை மாற்றவில்லை, வேதத்தை மாற்றவில்லை. ஜாதியைக் காப்பாற்றச் சபையை மாற்றினார்கள்! இவர்கள் நெஞ்சில் எது கடவுளாக இருந்தது என்று இதிலிருந்து விளங்கவில்லையா?

நிற்க. 1919-ஆம் வருஷம் மே மாதத்தில் அதே தரங்கம்பாடியில் 33 பேர் கூடி, தென்னிந்தியப் புராட்டஸ்டண்டு சபைகளெல்லாம் ஒன்றாக வேண்டுமென்று அறிக்கை விட்டார்கள். தோர்ணக்கல் பிஷப்பு அசரியா அதில் முக்கியஸ்தர். ஒன்றாவதற்கு எத்தனை காலம் பிடித்தது? 28 வருஷம்! 1947 செப்டம்பர் 27-ந் தேதிதான் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. இத்தனை வருஷமும் பெரிய தகராறு எதைப் பற்றி? பிஷப்பு கைவைத்துப் பட்டம் பெறாத பாதிரியின் பட்டம் செல்லுமா, செல்லாதா என்பதைப் பற்றி! கடைசியில், இருக்கிறவர்கள் இருக்கிறபடியே இருக்கட்டும், இனி வருகிறவர்களுக்குப் பிஷப்பு கைவைக்க வேண்டும் என்று முடிவானது. அதற்கும் ஒப்பாமல் தெலுங்கு நாட்டு நந்தியாலில் ஆங்கிலிக்கன்களில் ஒரு பகுதியார் விலகி நின்றார்கள். அவர்கள் திருச்சபையில் சேர 1975 வரை, இன்னொரு 28 வருஷம் சென்றது.

அந்த நந்தியாலுக்கே 2013-இல் புஷ்ப லலிதா என்னும் அம்மையார் பிஷப்பானார். தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பிஷப்பு அவர்தான். வானம் இடிந்து விழவில்லை. நேற்று மாறவே மாறாது என்றது இன்று மாறுகிறது. ஆகவே, மாறாத தெய்வ நியமம் என்பதெல்லாம் மனிதன் செய்துகொண்ட ஏற்பாடுதான்.

மாறாமல் நிற்பது ஒன்று மாத்திரம். 1964-இல் மத்திய கேரளத்தில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் பலர், தென்னிந்தியத் திருச்சபையில் சிரியன் கிறிஸ்தவர்களின் ஆதிக்கம் பொறுக்காமல் வெளியேறி, ஆங்கிலிக்கன் என்கிற பழைய பெயரிலேயே தனிச்சபை கண்டார்கள். 1834-இல் ஜாதியை விடமாட்டோம் என்று வெளியேறினார்கள்; 1964-இல் ஜாதிக் கொடுமை தாங்க முடியவில்லை என்று வெளியேறினார்கள். சர்க்காரோ, 1950-ஆம் வருஷத்து உத்தரவு முதற்கொண்டு, கிறிஸ்தவனானவனைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேர்ப்பதில்லை. வெளியே, உனக்கு ஜாதி போய்விட்டது என்கிறார்கள். உள்ளே, நீ எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். நடுவில் அகப்பட்டவன் கதி என்ன?

கடவுளே வேண்டாமென்கிற நீங்கள் சபை நிபந்தனையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். அங்கே போனவர்கள் யார்? நம்முடைய ஜனங்கள்தான். தேர் ஓடும் தெருவில் நடக்கக்கூடாது, குளத்தில் இறங்கக்கூடாது என்று துரத்தப்பட்டு, மானத்தைத் தேடிப் போனவர்கள். அவர்கள் போன இடத்திலும் மானம் கிடைத்ததா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

ஆகவே, எந்தச் சபையாவது உங்களைச் சேர வாருங்கள் என்று அழைத்தால், அவர்கள் நிபந்தனையைக் கேட்குமுன் உங்கள் நிபந்தனையைச் சொல்லுங்கள். ஒரே பெஞ்சு, ஒரே பாத்திரம், ஒரே இடுகாடு. எந்த ஜாதியில் பிறந்தவரும், ஆணானாலும் பெண்ணானாலும், குருவாகலாம். கலப்பு மணம் செய்துகொண்டவர்களைச் சபை கைவிடக்கூடாது. இதை மீறுகிறவனை, விசுவாசப் பிரமாணத்தை மறுத்தவனை எப்படி விலக்குவார்களோ, அப்படியே விலக்க வேண்டும். ஜாதி பாவமென்று தீர்மானம் மாத்திரம் எழுதி அலமாரியில் வைப்பது போதாது.

இதற்குச் சம்மதிக்காத சபை, பாரம்பரியமானாலும் சரி, புதியதானாலும் சரி, அக்கிரகாரத்துக்கு இன்னொரு பெயர்தான். சிம்மாசனம் தானாக நீளாது, தோழர்களே! இடத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்காத சபையைவிட்டு எழுந்து வர வேண்டும்.