பாட்டுக்காரரும் கவிஞர்தான்

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். தஞ்சாவூரில் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றும் ழோர்ழ் பிரசான்ஸ் பாட்டு காதில் விழுந்தால் காரியத்தை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். 1921ல் செத் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். தானே எழுதி, தானே மெட்டமைத்து, கையில் கிதாரோடு பாடியவர். கவிதைக்கான பெரும் பரிசை 1967ல் பிரெஞ்சு அகாதெமி அவருக்குத்தான் கொடுத்தது.

நம் காவிரிக்கரையிலும் அப்படி ஒருவர் இருந்தார். நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். இலக்கணப் பிழை இருக்கிறதே என்று பிள்ளை நாளைக் கடத்தினார். ஒருநாள் பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து பாட, பிள்ளை உருகிப் போய்ப் பாயிரம் தந்தார். உ.வே.சா. எழுதி வைத்த சங்கதி இது. அந்தக் கீர்த்தனை அச்சேற உதவியவர் காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி. காரைக்கால்காரனான எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

பெரிய புராணத்தில் இல்லாத வேதியரைப் படைத்தவர் பாரதியார். சிதம்பரம் போக உத்தரவு கேட்ட நந்தனிடம், நாற்பது வேலியும் விளைந்து அறுவடை ஆகட்டும், பிறகு போ என்கிறார் அந்த வேதியர். மிராசுதார்கள் முன்னாலேயே இதைப் பாட நெஞ்சுரம் வேண்டாமா?

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் நந்தன் சரித்திரக் காலட்சேபம் நடந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வயலில் நாற்று நட்டவர்கள் பந்தலுக்கு வெளியே இருட்டில் நின்று கேட்டார்கள். உள்ளே வாருங்கள் என்று தாத்தா சொல்லவில்லை. எனக்கும் அப்போது உறைக்கவில்லை. உறைத்தபோது தாத்தாவும் இல்லை, அவர்களும் இல்லை.

இன்று கச்சேரிகளில் ஒன்றிரண்டு பாட்டோடு நந்தனை முடித்துவிடுகிறோம். பக்தி மிஞ்சுகிறது, வேதியர் மறைந்துவிடுகிறார். நந்தன் பணிந்தே போகிறானே, தீயில் இறங்கினால்தானே கோயிலுக்குள் விடுகிறார்கள் என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. அந்தக் கோபம் நியாயம்தான். அதற்காகவாவது முழுக்கதையையும் பாடவைத்துக் கேட்க வேண்டும்.

கீர்த்தனைக்காரர் என்று பாரதியாரைத் தனியே ஒதுக்காமல், கவிஞர் வரிசையில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்க வேண்டும். ஊரில் அடுத்த காலட்சேபத்துக்குப் பந்தல் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெளியே யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை எழுந்து போய்ப் பாருங்கள்.