மீன்கூடைக்குக் கைமுதல்

பெரியதாழைக் கரையில் விடிகாலை ஏலத்துக்குக் கூடையோடு வந்து நிற்கும் பெண்ணுக்கு மீனுக்கு முன்பே தேவைப்படுவது கைமுதல். அது இல்லாதவர்கள் காலையில் தொண்ணூறு ரூபாய் வாங்கி மாலையில் நூறாகத் திருப்புவது தமிழ்நாட்டுச் சந்தைகள் பலவற்றில் பழகிப்போன வழக்கம். நாள் ஒன்றுக்கு 11 விழுக்காடு வட்டி. ஆலை முதலாளி எவரும் இதைத் தாங்கமாட்டார்.

இந்தக் கணக்கை மாற்றுவதற்கென்றே நாற்பது ஆண்டுகள் உழைத்தவர் ஜெயா அருணாசலம். காங்கிரஸ் கட்சிப் பணியில் இருந்தவர். சென்னைக் குடிசைப் பகுதிகளுக்கு வெள்ள நிவாரணத்தோடு சென்றபோது, அங்கிருந்த பெண்கள் வேண்டியது தொழிலுக்கான சிறு கடனை என்று கண்டார். அரசியலைத் துறந்து 1978-இல் ‘வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்’ என்ற உழைக்கும் பெண்களின் அமைப்பைத் தொடங்கினார். ஏழைகளுக்கு 4 விழுக்காட்டு வட்டியில் கடன் தரும் திட்டம் 1972 முதலே வங்கிகளில் இருந்தது. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு அது இருந்தும் இல்லாததுதான். அண்டைவீட்டுப் பெண்களையே குழுவாக்கி, ஒருவருக்கொருவர் பிணை நிற்க வைத்தார் ஜெயா. வங்கி வாசலில் காத்துக் கிடப்பது அலுத்துப்போய் 1981-இல் பெண்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கம் கண்டார். அதிராம்பட்டினத்து மீனவப் பெண்கள் வரை அமைப்பு பரவியது.

வங்கதேசத்தில் யூனுசின் கிராமீன் முறையான வங்கியானது 1983-இல்தான். அவரை அறிந்த நம்மில் எத்தனை பேர் மயிலாப்பூரிலிருந்து செயல்பட்ட இப்பெண்மணியை அறிவோம்? 2019-இல் அவர் மறைந்தபோது சிற்றிதழ் உலகம் அதைப் பெரிதாகக் கவனித்ததாக எங்களுக்கு நினைவில்லை. (இலக்கியப் பக்கத்தில் கடன் கணக்கு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்கிறார். கடனைத் தொடாத தமிழ் நாவல் எத்தனை என்று அவரே சொல்லட்டும்.)

குழுக்கடன் என்றாலே இன்று பலருக்குக் கசக்கிறது, காரணமும் உண்டு. குழுப்பிணை என்ற வடிவத்தை எடுத்துக்கொண்ட நுண்கடன் நிறுவனங்கள், தவணை தவறியவரின் வாசலில் சக பெண்களையே நிறுத்தின. தற்கொலைகளைத் தொடர்ந்து 2010-இல் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. ஜெயாவின் அமைப்பையும் இவற்றோடு சேர்த்து எண்ணுவது தவறு என்பதே எங்கள் துணிபு. அது தொழிற்சங்கமாகவும் இருந்தது. கடன் வாங்கிய பெண்களே வரதட்சணைக்கும் சாதிக்கும் எதிராக ஊர்வலம் போனார்கள். அங்கே பிணை நின்றவள் தவணைக்கு மட்டும் வரவில்லை. போலீஸ்காரர் கூடையைப் பறித்தாலும் வந்தாள். இன்று பெரியதாழைப் பெண்ணுக்குக் கடன் தர வீடு தேடி வருபவர்கள் உண்டு. கூடை பறிபோனால் யார் வருவார்கள்?