வற்றட்டும் சதுப்பு

மாசி பிறந்தால் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் நீர் இறங்கத் தொடங்கும். சாலையில் போகிறவர் கண்ணுக்கு அது அழிவாகத் தெரிகிறது. ஆழப்படுத்துங்கள், ஆண்டு முழுவதும் தண்ணீரைத் தேக்குங்கள் என்ற கோரிக்கையும் எழுகிறது. அக்கறையில் பிறந்த கோரிக்கைதான், ஆனால் தவறானது. மழையில் நிறைந்து வெயிலில் வற்றுவதே இந்தச் சதுப்பின் இயல்பு. நீர் பின்வாங்கும் ஓரத்தில்தான் புழுவும் பூச்சியும் நத்தையும் பறவையின் அலகுக்கு எட்டுகின்றன. கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவே இருக்கும். கால் நனையும் சேற்றைத் தாண்டி அதனால் மேய முடியாது. நீண்ட காலும் நீண்ட அலகும் கொண்ட கருவால் மூக்கனுக்கும் ஓர் ஆழத்துக்கு மேல் இரை எட்டாது. ஆர்க்டிக் கரையோரத்தில் குஞ்சு பொரிக்கப் போகும் கொசு உள்ளான், பயணத்துக்கான கொழுப்பைச் சேர்ப்பது இந்தச் சேற்றில்தான். சாம்பல் பூத்திருந்த கருவால் மூக்கனின் கழுத்தில் செங்காவி ஏறுவதும் இந்த நாட்களில்தான். நெடுங்கால் உள்ளானோ ஊருக்குக் கிளம்பாமல், வற்றிய திட்டுகளில் தரையிலேயே முட்டையிடுகிறது. தோண்டிய குளத்தில் நீர்க்காகம் முக்குளிக்கலாம், வாத்து நீந்தலாம். உள்ளானுக்கு அங்கே வேலை இல்லை.

ஆழப்படுத்தினால் வெள்ளம் குறையுமே என்பார்கள். சதுப்பின் நீர் வெளியேறும் ஒக்கியம் மடுவில் அடைப்பை நீக்குவது வேறு, அது அவசியம். ஆனால் ஆண்டு முழுவதும் நிரம்பி நிற்கும் பள்ளத்தில் ஐப்பசி மழைக்கு இடம் எங்கே? கோடையில் காலியாகும் சதுப்புதான் கார்த்திகை வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். வற்றிய நிலத்தில் குப்பை கொட்டுவார்கள், வளைத்துப் போடுவார்கள் என்ற அச்சத்தில் மட்டும் நியாயம் உண்டு. சதுப்பின் மேலேயே எழுந்த பெருங்குடிக் குப்பைமேடு கண்முன் நிற்கிறது. அதற்கு மருந்து எல்லைக்கல்லும் காவலும் வழக்கும். தண்ணீரால் மூடி மறைப்பதல்ல.

நிறைந்த நீரையே வளம் என்று எண்ணும் இந்தக் குழப்பத்துக்கு நம் பறவைக் கணக்கெடுப்பு முறையும் ஒரு காரணம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. பல நாடுகளை ஒப்பிட ஒரே காலம் தேவை என்பதால் அதில் பிழையில்லை. ஆனால் நீர் நிறைந்த தை மாதத்து எண்ணிக்கையை மட்டும் வைத்து நிர்வாகம் முடிவெடுத்தால், நிறைந்த நீரே நல்ல சதுப்பு என்றுதான் தோன்றும். பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியை 2022இல் பெற்ற இடம் இது. இனி ஒரு மண்வாரி இயந்திரத்தை உள்ளே விடுமுன், மாசியிலும் பங்குனியிலும் பறவைகளையும் சேற்றுப் பரப்பையும் வனத்துறை ஒருமுறை முறையாகக் கணக்கெடுக்க வேண்டும்.